பாத்துட்டுக் கூட்டுங்க

கல்யாணமாகி நான் பரளச்சிக்குப் பக்கத்து ஊருக்கு வந்த புதுசு. ஒரு நாள் காலையில் நடுவீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து நின்று, "கொஞ்சம் நிப்பாட்டு தாயி" என்றார். யார் என்று நான் கேட்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். குத்தவைத்து உட்கார்ந்து, நான் ஒதுக்கி வைத்திருந்த குப்பையில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, "சுவத்துப் புழுதிதான். கூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விளக்கமாற்றோடு அப்படியே நின்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மாமியார், "அவ சத்துணவு டீச்சரு. வேதக்காரவுக. எந்த வீட்டுலயும் அப்படித்தான் நுழைவா. நீ ஒண்ணும் சொல்லிக்கிடாத" என்றார்.

"எதுக்கு அத்தை குப்பையப் பாக்குறாக?"

"அது ஒரு கதை. காலங்காத்தால வேணாம்."

அந்தக் கதையை மாமியார் எனக்குச் சொல்லவேயில்லை. டீச்சரே சொன்னார். அதற்கு ஒன்றரை வருசம் ஆனது.

டீச்சர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் இல்லை. பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடும் சத்துணவுக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில், சிலுவை வைத்த சின்னக் கோயிலை ஒட்டின ஓட்டு வீட்டில் இரண்டே பேராக இருந்தார்கள்.

அந்த வீட்டில் காலையில் கூட்டிப் பெருக்குவது அவர் வீட்டுக்காரர்தான். டிராக்டர் எடுக்கப் போவதற்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலை மூலையாகக் கூட்டி, முறத்தில் அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கொட்டுவார். டீக்கடைக்குப் போகிற ஆண்கள் சும்மா இருப்பார்களா? "ஏலே, அடுத்து வாசல்ல கோலம் எப்ப போடப் போற?" என்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். டீச்சர் அந்த நேரத்தில் உள்ளே வரமாட்டார். கோயில் சுவரில் சாய்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டி முடித்துவிட்டு அவர் "ஒண்ணுமில்ல, வா" என்று கூப்பிட்ட பிறகுதான் அடுப்புப் பற்றவைக்கப் போவார்.

டீச்சர் இடுப்பில் எப்போதும் ஒரு முறிந்த கரண்டிக் காம்பு செருகியிருக்கும். கதவு, நிலை, தூண், கட்டில் கால் என்று மரமாக எது எதிர்ப்பட்டாலும் அதால் தட்டுவார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நாங்கள் போய்த் திறந்தால், "ஒண்ணுமில்ல, சும்மா தட்டிப் பாத்தேன்" என்பார். மளிகைக் கடையில் சாமான் கட்டுகிற நேரத்தில் கடைக்காரர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சையே தட்டுவார். "நான் இன்னும் திடமாத்தான் இருக்கேன் டீச்சரு" என்று கடைக்காரர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மகள் பிறந்து, தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். மாமியார் நடுவீட்டு விட்டத்தில் தூளி கட்டச் சேலையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் பிள்ளையைப் பார்க்க வந்தார். சேலையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இருங்கம்மா, கட்டாதீங்க. நான் ஒரு தடவ பாத்துக்கிடுறேன்."

"பச்சப்பிள்ள இருக்குற வீட்டுல தட்டிக்கிட்டு இருக்காத" என்றார் மாமியார். டீச்சர் கேட்கவில்லை. என் கொழுந்தனை ஏணி எடுத்துவரச் சொன்னார். அப்போது கொழுந்தன் லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தான். துடியான பையன். ஏணியைச் சாத்தி அவனே பிடித்துக்கொண்டான். டீச்சர் மேலே ஏறி விட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டினார். தட்டிவிட்டுக் காதை மரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் அப்படி. பிள்ளை அழுதது. மாமியார் முணுமுணுத்தார். கடைசியில் டீச்சர் கீழே இறங்கித் தூளியைத் தானே கட்டினார். கட்டி முடித்து, அந்தச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து, கால் இரண்டையும் தரையிலிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவு உயரமான பொம்பளை, கண் விட்டத்தின் மேலேயே இருக்க, ஆடாமல் அசையாமல் தொங்கினார்.

"இது தாங்கும்" என்றார் இறங்கி. "ஆனா உங்க வீட்டுக்குள்ள அது வந்திருச்சு, சுவத்துல ஓடுது. கூடு எங்கன்னு பாக்கணும்."

"எது?"

"கட்டெறும்பு."

கட்டெறும்பு எந்த வீட்டில் இல்லை என்று மாமியார் கேட்டார். டீச்சர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். குளிக்கிற மறைப்பை ஒட்டி ஒரு மர ஜன்னல். தண்ணீர் தெறித்துத் தெறித்து அதன் அடிச்சட்டம் கறுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே தரையில் ஒரு குத்து மரத்தூள். இழைப்புளி போட்டதுபோல நார் நாராக இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து எனக்குக் காட்டினார். தூளுக்குள்ளே செத்த எறும்பின் கால், ஏதோ பூச்சியின் றெக்கை எல்லாம் கிடந்தன.

"கரையான்னா மண்ணு பூசிக்கிட்டு வரும். மரத்தத் தின்னுரும், தூளு வெளிய வராது. இது திங்காது. குடியிருக்கக் குடைஞ்சு, குடைஞ்ச தூள வெளிய தள்ளும். நம்மளப் போலத்தான். வீட்டக் கூட்டி வாசல்ல கொட்டுதுல்ல?"

மழைக்குப் பிறகு வீட்டுக்குள் றெக்கையோடு பறந்தால் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஈசலுக்கு உடம்பு ஒரே சீராக இருக்கும், நாலு றெக்கையும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் றெக்கை நீளமாக இருக்கும் என்றார். "றெக்க முளைச்சது வீட்டுக்குள்ள இருந்தே கிளம்புச்சுன்னா கூடு வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு அர்த்தம்."

வீட்டில் பருத்திக்கு அடிக்கிற மருந்து இருந்தது. அதைக் கலக்கி ஊற்றிவிடலாம் என்றான் கொழுந்தன். டீச்சர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "பிள்ள தவழப்போற வீடுய்யா. அதுவும் போக, கண்ணுக்குத் தெரியுறதுதான் சாகும். மிச்சம் வேற மரத்துக்குப் போயிரும். எங்க இருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்."

பொழுது சாய்கிற நேரத்தில் திரும்ப வந்தார். ஒரு சிரட்டைத் துண்டில் கருப்பட்டிப் பாகு வைத்து ஜன்னலுக்குக் கீழே வைத்தார். எறும்பு வந்து குடித்துவிட்டு வரிசையாகத் திரும்பியது. அதன் பின்னாலேயே குனிந்து போனார். வரிசை சுவரோரமாகப் போய், நாங்கள் அடுக்கி வைத்திருந்த வேலிக்கருவை விறகுக்குள் நுழைந்தது. அடியில் கிடந்த ஒரு பழைய மட்கின கட்டையைக் கொழுந்தன் புரட்டினான். உள்ளே கூடம் கூடமாகக் குடைந்திருந்தது. வெள்ளை வெள்ளையாக முட்டையும் புழுவும். நடுவில் பெரிதாக ஒன்று. "இதுதான் தாய்க்கூடு. ஜன்னல்ல இருக்குறது பிரிஞ்சு போன குடும்பம்" என்றார். அந்தக் கட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினோம். ஜன்னலில் இருந்ததற்கு, கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரைப் பாகில் கொஞ்சமே கொஞ்சம் கலந்து, பிள்ளைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். நிறையப் போட்டால் போகிற வழியிலேயே செத்துவிடும், கொஞ்சமாகப் போட்டால்தான் கூட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் ஊட்டும் என்றார். ஊட்டும் என்று சொல்லும்போது அவர் குரல் என்னவோ மாதிரி ஆயிற்று. சட்டத்தை மாற்றி, தண்ணீர் தெறிக்காமல் தகரம் அடித்த பிறகு எங்கள் வீட்டில் தூள் விழவில்லை.

பாகு வைத்த அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். என் மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான் தாயி. ரெண்டு வயசு நடந்துச்சு. தூளி இல்லாமத் தூங்க மாட்டான். முன்ன நாங்க இருந்த வீட்டுல ஓடு ஒழுகும். விட்டம் சுவத்துக்குள்ள போற எடத்துல ஈரம் நின்னிருக்கு. நானா ஏறிப் பாத்தேன்? தெனம் காலைல தூளிக்குக் கீழ மரத்தூளு கிடக்கும். ஓட்டுலருந்து விழுகுதுன்னு நெனச்சேன். எனக்கு வீடு சுத்தமா இருக்கணும். எழுந்ததும் கூட்டித் தள்ளிருவேன். தெனமும். தெனமும் என் கண்ணு முன்னாடிதான் போட்டுச்சு. நான் கூட்டிக் கூட்டி வெளிய கொட்டுனேன்."

ஐப்பசி மழை. மத்தியானம். பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு, நனைகிற விறகை எடுக்க வெளியே போயிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது விட்டத்தின் ஒரு முனை தரையில் கிடந்தது. மேலே ஓடு.

"அவுக என்னைய ஒரு வார்த்த சொல்லல. மறுநாள்லருந்து வெளக்கமாத்த அவுக கைல எடுத்துக்கிட்டாக. இன்னும் குடுக்கல."

நான் அழுதுவிட்டேன். அவர் என் பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு எழுந்துபோனார்.

அதற்கப்புறம் ஊரில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்தது. எங்கள் வீட்டுச் சங்கதியைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் அடுப்படி உத்தரம், இன்னொரு வீட்டில் மாட்டுக்கொட்டகைத் தூண். சொன்ன இடத்தைப் பிரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். "பாத்துட்டுக் கூட்டுங்க" என்று அவர் தெருவில் போகிறபோதே சொல்லிக்கொண்டு போவார். பெண்கள் சிரித்துக்கொண்டாவது ஒரு தடவை குப்பையைப் பார்த்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்து முறை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற வராண்டாவில், சுவரோரமாகத் தூள் விழுவதை டீச்சர் பார்த்திருக்கிறார். ஏறி உத்தரத்தைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இறங்கி வந்து, "உள்ள ஒண்ணுமில்ல. வெறும் கூடு" என்றார். பெரிய சார் மேலே எழுதிப் போடுகிறேன் என்றார். எழுதியும் போட்டார். பதில் வரவில்லை. டீச்சர் பிள்ளைகளை வெளியே புளியமரத்தடியில் உட்காரவைத்துச் சோறு போட்டார். கரிசல் காட்டுக் காற்று, தட்டு நிறையப் புழுதி. பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"மழைக்கு முன்னாடி அத எறக்கிருங்க. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்" என்று அவர் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். சொன்னது மட்டுமில்லை, உண்மையிலேயே விழப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களே ஓட்டைப் பிரித்தார்கள். முதல் ஆளாகச் சுவரில் ஏறினது என் கொழுந்தன். "டீச்சரக்கா சொன்னா தப்பாது" என்றான்.

ஓடு இறக்கியாயிற்று. உத்தரத்துக்குக் கயிறு கட்டி இறக்கும்போது ஒரு பக்கத்து முடிச்சு நழுவிவிட்டது. அவன் சுவரிலிருந்து குதித்தான். குதித்த இடத்திலேயே உத்தரமும் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே.

டீச்சர் வீட்டுக்காரர்தான் டிராக்டரை எடுத்தார். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவனைப் படுக்கப் போட்டு, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அவன் போட்ட சத்தம் ஊர் எல்லை வரைக்கும் கேட்டது.

டிராக்டர் போன பிறகு, மிச்சமிருந்தவர்கள் முன்னால் ஊர்த் தச்சாசாரி அந்த உத்தரத்தை அறுத்தார். சுவருக்குள் இருந்த முனையில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கூடு இருந்தது. அதற்கு அடுத்து மரம் கல்லாக இருந்தது. இன்னும் ஓர் இடத்தில் அறுத்தார். கல். நடுவில் அறுத்தார். தேக்கு வாசனை குப்பென்று வந்தது.

"நம்ம பேரன்மாரு காலத்துக்கும் நின்னுருக்கும் டீச்சரு" என்றார் ஆசாரி. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

டீச்சர் அறுத்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவினார். தன் காதையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் கேட்டுச்சே" என்றார். "எனக்கு நல்லாக் கேட்டுச்சே."

கொழுந்தனுக்கு எலும்பு கூடியது. ஆனால் நேராகக் கூடவில்லை. லாரி வேலை போயிற்று. பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் கட்டிலில் கிடந்த நாட்களில் டீச்சர் ஒரு தூக்குவாளியில் சூப்பு வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். மாமியார் குறுக்கே நின்றார்.

"நீ பறிகொடுத்ததுக்கு எங்க பிள்ளயா கெடைச்சான்? இனிமே இந்த வாசல மிதிக்காத."

"சரிங்கம்மா" என்றார் டீச்சர். தூக்குவாளியோடு திரும்பிப் போனார். அப்புறம் மிதிக்கவேயில்லை.

அன்றோடு எல்லாம் நின்றது. இடுப்பில் கரண்டிக் காம்பைக் காணோம். தெருவில் வந்தால் தரையைப் பார்க்காமல், தலையை ஒரே நிலையாக நிமிர்த்திக்கொண்டு போனார். கல் தடுக்கி இரண்டு முறை விழுந்தும் இருக்கிறார். யாராவது தூள் விழுகிறது என்று போய்க் கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா, ஆசாரியக் கேளுங்க" என்பார். மழைக்காலத்தில் அவர் வீட்டு விளக்கைச் சுற்றி றெக்கை முளைத்த எறும்பு பறந்துகொண்டிருக்கும், அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முந்தானையைத் தலையோடு போட்டுக்கொள்வார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் காலையில் கூட்டுவதை விடவில்லை.

ஒரு நாள் குழாயடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "எனக்கு ஒங்க மேல வருத்தம் எதுவும் இல்லக்கா" என்றேன்.

"ஒனக்கு இருக்காது தாயி" என்றார், குடத்தைப் பார்த்தபடி. "அவன் காலுக்கு இருக்கும்ல."

குடம் நிறைந்து வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வருசம் இப்படியே ஓடியது. என் மாமியார் காலமானார். கொழுந்தன் ஊரிலேயே சைக்கிள் பஞ்சர் பார்க்கும் கடை போட்டுக்கொண்டான். ஒற்றைக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். டீச்சர் வீட்டுப் பேச்சே எடுக்கமாட்டான். அவர் கடைப்பக்கம் வந்தால் தலையைக் குனிந்து டியூபைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சமயத்தில்தான் டீச்சரின் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி, மதுரைக்குக் கொண்டுபோய், அங்கேயே முடிந்துபோனது.

சித்திரை வெயில். பிரேதம் காலையிலேயே வந்துவிட்டது. டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஊரே கூடியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வேனில் பெட்டி வந்தது. புதுப் பலகை, வெள்ளைத் துணி உள்ளே அடித்து, மேலே சிலுவை வரைந்திருந்தது. பெஞ்சு போட்டு அதன் மேல் வைத்தார்கள். உபதேசியார் ஜெபத்துக்குப் புத்தகத்தை எடுத்தார். பிரேதத்தைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

டீச்சர் எழுந்தார். "இருங்க" என்றார்.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் முழங்கால் போட்டார். ஜெபம் பண்ணுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விரலை மடக்கிப் பெட்டியின் பக்கவாட்டில் தட்டினார். ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. பிறகு காதை வைத்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "நேரமாகுது, அவளப் பிடிச்சு உக்கார வையிங்க" என்றார். உபதேசியார் குனிந்து மெதுவாக, "அம்மா, மண்ணுக்குத்தானே போகுது" என்றார்.

"தெரியுங்கய்யா. அவுகளப் படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கிடுறேன்."

இரண்டு பெண்கள் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது ஆண்கள் பக்கமிருந்து காலை இழுத்துக்கொண்டு என் கொழுந்தன் முன்னால் வந்தான்.

"விடுங்க. அவுக பாக்கட்டும்" என்றான்.

பெண்கள் கையை எடுத்தார்கள். அவன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். திருகின காலை மண்ணில் ஊன்றிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அடிப்பலகை தெரிகிற மாதிரி அவருக்குச் சாய்த்துக் காட்டினான். அவர் அடியைப் பார்த்தார். ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டுத் தடவினார். உள்துணியை விலக்கிப் பார்த்தார். மூடியைத் திருப்பச் சொன்னார், அவன் திருப்பினான். வெயில் நேராக இறங்கியது. அவர் அவசரப்படவில்லை.

எல்லாம் பார்த்து முடித்து அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. கொழுந்தன் கையைக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல பலகதான்" என்றார் அவனிடம். "தூக்கி வையிங்க."

அதற்குப் பிறகுதான் அழுதார்.